லாந்தனம் குளோரைடு: ஈரக்காற்று வீசும் ஊரில் அதை எப்படி வைத்திருப்பது, எதற்கெல்லாம் எடுப்பது

கேட்டிருப்பது இதுதான். நாகர்கோவில் அருகே ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் 500 கிராம் லாந்தனம் குளோரைடு குப்பி ஒன்று இருக்கிறது. ஒருமுறை திறந்த பிறகு உப்பு கட்டி பிடித்துவிட்டது, மேல்பகுதியில் ஈரம் கோத்திருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலிலிருந்து வருகிற பொருள்தானே, கதிர்வீச்சு இருக்குமே என்று உதவியாளர்கள் தொடத் தயங்குகிறார்கள். ஓவனில் உலர்த்தலாமா? என்னென்ன சோதனைக்கு எடுக்கலாம்? ஒரு தங்கும் விடுதியின் நீச்சல் குளத்துப் பாசிக்குக் கொஞ்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

முதலில் ஓவன். வைக்கவே வைக்காதீர்கள். ஈரமான உப்பை உலர்த்தி மீட்கும் முயற்சியை விட்டுவிட்டு, குப்பியில் இருப்பது முழுவதையும் கரைசலாக்கி, அதன் செறிவை டைட்ரேஷனில் கண்டுபிடித்து, அந்த எண்ணை லேபிளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, மீதி மாதங்களில் கடற்காற்று. இந்த ஊரில் அருமண் (லாந்தனம், சீரியம் முதலிய உலோகங்களின் குடும்பம்) குளோரைடுகளைத் திண்மமாக வைத்து எடைபோட்டு எடுப்பது நம்பகமான வழியாகாது. காரணத்தையும் முறையையும் கீழே சொல்கிறேன். அதற்கு முன் கதிர்வீச்சுப் பயத்தைத் தீர்த்துவிடலாம்.

மணவாளக்குறிச்சிக் கரையில் கருப்பு, சிவப்பு, தேன்நிற மணல்கள் கலந்து கிடக்கின்றன. கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மஞ்சளும் தேன்நிறமுமாக இருப்பது மோனசைட். அதில் லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலியவற்றின் பாஸ்பேட்டோடு சுமார் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடும் கொஞ்சம் யுரேனியமும் இருக்கும். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் இந்த மோனசைட்டை ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் அடையாளம் கண்டார். அன்றைக்கு எல்லோரும் தேடியது தோரியத்தை. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கு அதுதான் மூலப்பொருள். லாந்தனமும் சீரியமும் அப்போது பெரும்பாலும் மிச்சமாகக் கிடந்த சரக்கு.

இன்று மணவாளக்குறிச்சியில் உள்ள ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை மணலைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் ஈர்ப்பு விசையாலும் தனித்தனித் தாதுக்களாகப் பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. மோனசைட்டை உடைத்து வேதிப்பொருளாக்கும் வேலை இங்கே நடப்பதில்லை. அதற்கான ஆலைகள் கேரளத்தின் ஆலுவாவிலும் ஒடிசாவிலும் அமைந்தன. முறை இப்படி: மாவாக அரைத்த மோனசைட்டைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் 140 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வேகவைப்பார்கள். பாஸ்பேட் முழுவதும் டிரைசோடியம் பாஸ்பேட்டாகக் கரைந்து பிரிந்துவிடும். மிஞ்சும் ஹைட்ராக்சைடு சேற்றில் அளந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3-க்கும் 4-க்கும் இடையில் நிறுத்துவார்கள். அருமண்கள் கரைந்து குளோரைடாகும். தோரியம் ஹைட்ராக்சைடாகவே அடியில் தங்கும்.

ஆனால் தோரியம் சிதைந்து உண்டாகும் ரேடியம்-228 கரைசலோடு வந்துவிடும். மோனசைட்டிலிருந்து வரும் குளோரைடில் உண்மையான வம்பு இதுதான். பேரியம் குளோரைடும் சல்பேட்டும் சேர்த்து, உருவாகும் பேரியம் சல்பேட்டோடு ரேடியத்தை இழுத்துக்கொண்டு படியவைப்பார்கள். சோடியம் சல்பைடு சேர்த்துக் காரீயத்தை வெளியேற்றுவார்கள். இவ்வளவும் முடிந்து கிடைப்பது கலவை அருமண் குளோரைடு. அதில் ஏறக்குறைய பாதி சீரியம், கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக லாந்தனம், ஐந்தில் ஒரு பங்கு நியோடிமியம். அதன்பின் கரைப்பான்களைக் கொண்டு பல கட்டமாகப் பிரித்தால்தான் உங்கள் குப்பியில் இருக்கும் 99 சதவீத லாந்தனம் குளோரைடு வரும். தோரியமும் ரேடியமும் அங்கே வந்து சேர வழியில்லை.

அப்படியானால் கதிர்வீச்சு சுத்தமாக இல்லையா என்றால், துளி உண்டு. அது லாந்தனத்தின் சொந்தச் சொத்து. இயற்கை லாந்தனத்தில் 0.09 சதவீதம் லாந்தனம்-138. அதன் அரை ஆயுள் சுமார் 10,000 கோடி ஆண்டு. கணக்குப் போட்டால் ஒரு கிராம் லாந்தனத்துக்கு நொடிக்கு ஒரு சிதைவுகூட வராது, சுமார் 0.8 பெக்கரல். 500 கிராம் உப்பில் லாந்தனம் 187 கிராம். ஆக முழுக்குப்பிக்கும் 150 பெக்கரல் சொச்சம். அதை எடுத்து அலமாரியில் வைக்கும் ஆளின் உடம்பில் பொட்டாசியம்-40 மட்டுமே 4,000 பெக்கரலுக்கு மேல் இருக்கும். லாந்தனம் குளோரைடு, லாந்தனம் புரோமைடு படிகங்களைக் காமாக் கதிர் கண்டறியும் கருவிகளில் போடுகிறவர்களுக்குத்தான் இந்தத் துளி தொந்தரவு. கருவியின் நிறமாலையில் 1,436 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிப் படிகத்தின் சொந்தக் கோடு எப்போதும் எட்டிப்பார்க்கும். உங்கள் ஆய்வகத்துக்கு அதனால் ஒன்றுமில்லை.

அதே அலமாரியில் "மோனசைட் மாதிரி" என்று எழுதிய பழைய புட்டி இருந்தால் கதை வேறு. செறிவூட்டிய மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. குமரிமுனையில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொட்டலம் கட்டி விற்கும் வண்ண மணலையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆலையில் பிரித்தெடுத்த மோனசைட்டைச் சொல்கிறேன். கிள்ளியூர் பக்கம் மணல் எடுப்பது பற்றி நடக்கும் வாதங்களும் தாதுவைப் பற்றியவை. இந்தக் குப்பிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இனி ஈரம். கடையில் கிடைப்பது ஏழு நீர் மூலக்கூறு கொண்ட ஹெப்டாஹைட்ரேட், மூலக்கூறு எடை 371.4. அதில் 37.4 சதவீதம் லாந்தனம். உப்பு வெள்ளைப் படிகமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது நீரை இழுத்து, முதலில் கட்டி பிடித்து, பிறகு கசியும். அந்த நிலையில் தராசில் 10 கிராம் வைத்தால் உண்மையில் எவ்வளவு லாந்தனம் எடுத்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்த்திசையிலும் தவறு நேரும். சிலர் அதீத எச்சரிக்கையோடு பாஸ்பரஸ் பென்டாக்சைடு வைத்த டெசிக்கேட்டரில் போட்டு மூடுவார்கள். அது படிக நீரையே உருவத் தொடங்கும், லாந்தனத்தின் சதவீதம் ஏறிவிடும். திண்மமாகத்தான் வேண்டும் என்றால் புதுக்குப்பியைத் திறந்த அன்றே 25 கிராம் வீதம் சிறு குப்பிகளில் பிரித்து, மூடிக்கு மேல் பாராஃபிலிம் சுற்றி, நீலம் மாறாத சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறக்கலாம்.

ஓவன் ஏன் கூடாது? 110 டிகிரியில் வைத்தால் இந்த உப்பு உலராது. 90 டிகிரியைத் தாண்டும்போதே தன் படிக நீரிலேயே உருகும். இன்னும் சூடேறினால் நீர் ஆவியாகப் போகும் வழியில் குளோரைடையும் உடைத்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகக் கொண்டுபோகும். மிச்சம் லாந்தனம் ஆக்சிகுளோரைடு. அது நீரில் கரையாது. பீக்கரில் பார்க்க நல்ல வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும். நீர் ஊற்றினால் பால்போல் கலங்கி நிற்கும். ஓவனின் உட்சுவரும் ஃபேன் அச்சும் துருப்பிடித்த பிறகுதான் பல இடங்களில் காரணத்தைத் தேடுவார்கள். நீரற்ற குளோரைடு தேவைப்படும் கரிம வேதியியல் வினைகளுக்கு வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றுவது, அல்லது லாந்தனம் ஆக்சைடை மிகுதியான அம்மோனியம் குளோரைடோடு சேர்த்துச் சூடாக்குவது என்று வழிகள் உண்டு. ஈரக்காற்றுப் புகாத கிளவ் பாக்ஸ் இல்லாத ஆய்வகம் அதற்குள் இறங்க வேண்டாம். நீரற்ற உப்பைப் பகுதி பகுதியாக விலைக்கு வாங்குவதே மலிவாக முடியும்.

கரைசலாக்கும் முறை. ஃபியூம் ஹூடில் 3 லிட்டர் பீக்கரில் 1.5 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், அதில் 20 மி.லி. செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும். பிறகு குப்பியில் உள்ள உப்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்குங்கள். கட்டியைக் குப்பிக்குள்ளேயே உடைக்கப் பார்க்காதீர்கள், தூள் கிளம்பும். கொஞ்சம் நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் தானே இளகும். குப்பியைக் கழுவிய நீரையும் சேர்த்து 2 லிட்டருக்கு நிரப்புங்கள். கலங்கல் இருந்தால் வடிகட்டுங்கள். பாலித்தீன் குப்பியில் வைப்பது நல்லது.

காய்ச்சி வடித்த நீர் என்று சொன்னால் அதுவேதான் வேண்டும். போர்வெல் நீரில் உள்ள பைகார்பனேட் வெண்மையாகக் கலக்கிவிடும். ஃபுளூரைடும் பாஸ்பேட்டும் இருந்தால் இன்னும் மோசம், லாந்தனத்தின் ஃபுளூரைடும் பாஸ்பேட்டும் நீரிலும் நீர்த்த அமிலத்திலும் எளிதில் கரையாதவை. அமிலம் சேர்க்கச் சொன்னேன் என்று சல்பூரிக் அமிலத்தை எடுத்துவிடாதீர்கள். லாந்தனம் சல்பேட் குறைவாகத்தான் கரையும், சூடாக்கினால் இன்னும் குறையும்.

500 கிராம் உலர்ந்த உப்பாக இருந்திருந்தால் இந்தக் கரைசலில் லிட்டருக்கு 93.5 கிராம் லாந்தனம் இருக்க வேண்டும். உங்களுடையதில் எவ்வளவு என்பதை, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சொல்லும். கரைசலில் 5 மி.லி. பிப்பெட்டில் எடுத்து 250 மி.லி. ஃபிளாஸ்கில் நிரப்புங்கள். அதிலிருந்து 20 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, சைலினால் ஆரஞ்சு நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு போடுங்கள். பிறகு ஹெக்சமின் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தால் ஒரு கட்டத்தில் கரைசல் செந்நீலமாகும். அப்போது பி.எச். 5-க்கும் 6-க்கும் இடையே இருக்கும், காகிதத்தால் சரிபாருங்கள். இனி 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. முடிவுநிலையில் நிறம் எலுமிச்சை மஞ்சளாக மாறும். கடைசி அரை மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகச் சுழற்ற வேண்டும். வினை அங்கே சற்று மந்தமாகத்தான் நடக்கும், அவசரப்பட்டால் தாண்டிவிடுவீர்கள்.

0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. ஒரு மி.லி.க்கு லாந்தனம் 1.389 மி.கி. மேலே சொன்ன நீர்த்தல் அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால், பியூரெட் அளவை 3.47ஆல் பெருக்கினால் மூலக் கரைசலில் லிட்டருக்கு எத்தனை கிராம் லாந்தனம் என்று வந்துவிடும். உலர்ந்த உப்புக்கு 26.9 மி.லி. வர வேண்டும். 25.0 வந்தால் லிட்டருக்கு 86.8 கிராம், அதாவது குப்பியில் இருந்த எடையில் ஏழு சதவீதம் வெறும் தண்ணீர். ஈ.டி.டி.ஏ. கரைசலைத் துத்தநாகத்தை வைத்துத் தரப்படுத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பி.எச். 6.5-ஐத் தாண்டினால் சைலினால் ஆரஞ்சு உலோகம் இல்லாமலே ஊதாவாகிவிடும், முடிவுநிலையே தெரியாது. 4.5-க்குக் கீழே போனால் நிறம் முன்கூட்டியே மங்கலாக மாறும். இரும்பு கலந்திருந்தால் நிறம் மாறாமல் அடம்பிடிக்கும். பழக்கதோஷத்தில் பாஸ்பேட் பஃபரை எடுத்தால் லாந்தனம் முழுக்கக் குடுவையின் அடியில் படிந்துவிடும்.

இப்போது பயன்கள். உலக அளவில் லாந்தனம் குளோரைடும் லாந்தனம் மிகுந்த கலவைக் குளோரைடும் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளின் கிராக்கிங் வினையூக்கிக்குத்தான் அதிகம் போகின்றன. அந்த வினையூக்கியில் உள்ள ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் சோடியத்தை வெளியேற்றிவிட்டு லாந்தனம் உள்ளே உட்கார்ந்தால், அந்தச் சட்டகம் நீராவியின் சூட்டிலும் குலையாமல் நிற்கும். கலவைக் குளோரைடை உருக்கி மின்னாற்பகுத்தால் மிஷ்மெட்டல் என்ற அருமண் கலப்புலோகம், அதில் இரும்பு சேர்த்தால் சிகரெட் லைட்டரின் சக்கிமுக்கிக் கல். கல்லூரி ஆய்வகத்தில் இந்த உப்பின் மதிப்பு மூன்று இடத்தில்: அணு உறிஞ்சல் நிறமாலைமானி, கரிம வேதியியல், பாஸ்பேட் அகற்றல்.

முதலாவதுதான் உங்களுக்கு உண்மையில் உதவும். ரப்பர் இலை, வாழை இலை, பால், கருவாடு எதிலாவது கால்சியமும் மெக்னீசியமும் அளக்கும்போது, அசிட்டிலீன்-காற்றுச் சுடரில் பாஸ்பேட் இடைஞ்சல் செய்யும். கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து எளிதில் பிரியாத துகளாகிச் சுடரைக் கடந்துபோய்விடும். 422.7 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைவாக வரும். அளவும் குறைவாக வரும். லாந்தனம் மிகுதியாக இருந்தால் பாஸ்பேட்டை அது பிடித்துக்கொள்ளும், கால்சியம் விடுபட்டு அணுவாகும். அலுமினியத்தின் இடைஞ்சலையும் இது பெருமளவு தணிக்கும்.

அளவு: சுடருக்குள் போகும் கரைசலில் லாந்தனம் 0.1 முதல் 1 சதவீதம். பாலுக்கும் கருவாட்டுக்கும் 1 சதவீதமே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வசதியாக 5 சதவீதக் கரைசல் ஒன்று தயாரித்துக்கொண்டால், 10 மி.லி. ஃபிளாஸ்கில் அதை 2 மி.லி. விட்டு நிரப்பினால் போதும். மேலே கண்ட 86.8 கிராம் கரைசலிலிருந்து 5 சதவீதம் 250 மி.லி. தயாரிக்க 144 மி.லி. எடுக்க வேண்டும். புது உப்பை நேரடியாக எடைபோட்டால் 250 மி.லி.க்கு 33.4 கிராம். லாந்தனம் ஆக்சைடிலிருந்து செய்வதானால் 14.7 கிராம், முதலில் நீரில் குழைத்துவிட்டு, 62 மி.லி. செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். உலர்ந்த ஆக்சைடின் மேல் அமிலத்தைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும்.

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் பிளாங்க், அதாவது மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல். உங்கள் உப்பில் கால்சியம் மாசு வெறும் 0.01 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 33.4 கிராமில் அது 3.3 மி.கி. 250 மி.லி. கரைசலில் லிட்டருக்கு 13 மி.கி. அளக்கும் ஃபிளாஸ்குக்கு வரும்போது லிட்டருக்கு 2.7 மி.கி. நீங்கள் அளக்கப்போகும் எல்லையே லிட்டருக்கு 1 முதல் 5 மி.கி.தான்! மாசே மாதிரியின் அளவுக்கு வந்து நிற்கிறது. ஆகவே பிளாங்க், தரக் கரைசல்கள், மாதிரி மூன்றிலும் ஒரே குப்பி லாந்தனம், ஒரே அளவு, ஒரே அமிலம் இருந்தாக வேண்டும். வாங்கும்போது சான்றிதழில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். "99.9 சதவீதம்" என்று லேபிளில் போட்டிருப்பது பல நேரம் மற்ற அருமண்களோடு ஒப்பிட்ட தூய்மைதான், கால்சியத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வேலை முடிந்ததும் கருவியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிறகு நீரையும் ஐந்து நிமிடம் உறிஞ்சவிட வேண்டும். இல்லாவிட்டால் பர்னரின் பிளவில் வெள்ளைப் பொருக்கு படிந்து சுடர் பல் பல்லாகப் பிளந்து எரியும், அடுத்தவர் வந்து கருவியைக் குறைசொல்வார்.

கரிம வேதியியலில் இதே குடும்பத்துச் சீரியம் குளோரைடு ஹெப்டாஹைட்ரேட்டுக்கு ஒரு நல்ல வேலை உண்டு, லூஷ் ஒடுக்கம். இரட்டைப் பிணைப்பை ஒட்டிய கீட்டோனில் சோடியம் போரோஹைட்ரைடு மட்டும் போட்டால் இரட்டைப் பிணைப்பும் கொஞ்சம் ஒடுங்கும். சீரியம் உடன் இருந்தால் கார்பனைல் மட்டும் ஆல்கஹாலாகும். முதுநிலைச் செய்முறைக்கு 2-சைக்ளோஹெக்சினோன் 0.96 கிராம், சீரியம் உப்பு 3.73 கிராம், மெத்தனால் 25 மி.லி. பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் போரோஹைட்ரைடு 0.38 கிராமைச் சிட்டிகையாகப் போட வேண்டும். ஹைட்ரஜன் நுரைத்துக்கொண்டு வரும். அருகில் சுடர் கூடாது, குடுவையை அடைக்கவும் கூடாது. சில நிமிடத்தில் வினை முடிந்துவிடும். இதற்கு நீருள்ள உப்பே போதும், உலர்த்தும் வேலையே இல்லை.

நீச்சல் குளத்துக்கு வருவோம். லாந்தனம் பாஸ்பேட்டைப் பிடிக்கும் என்பது உண்மை. குளங்களுக்கு விற்கும் பாஸ்பேட் நீக்கிகளில் பலவற்றின் சரக்கு இதுதான். ஏரிகளுக்காக லாந்தனம் ஏற்றிய களிமண்ணை ஆஸ்திரேலியாவில் 1990களில் உருவாக்கினார்கள். கணக்கு எளிது: ஒரு கிராம் பாஸ்பேட்டுக்கு 3.9 கிராம் ஹெப்டாஹைட்ரேட். 50,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 1 மி.கி. பாஸ்பேட் என்றால் மொத்தம் 50 கிராம், உப்பு 195 கிராம். சோதனைக் கிட் பாஸ்பேட்டாகச் சொல்கிறதா பாஸ்பரஸாகச் சொல்கிறதா என்று பார்க்காவிட்டால் மூன்று மடங்கு பிசகும். ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது 3.07 பங்கு பாஸ்பேட். நீரில் உள்ள கார்பனேட்டும் லாந்தனத்தில் பங்கு கேட்கும், அதனால் காரத்தன்மை கொஞ்சம் இறங்கும்.

இருந்தாலும் ஆய்வகக் குப்பியிலிருந்து கொடுக்காதீர்கள். வெளியே போன ரசாயனத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஒருபுறம். பாசிக்கு முதல் மருந்து இது அல்ல என்பது மறுபுறம். பி.எச். 7.2 முதல் 7.8-க்குள்ளும், விடுபட்ட குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மி.கி.க்குள்ளும் நிலையாக நின்றால் பாஸ்பேட் இருந்தாலும் பாசி தலைதூக்காது. அதையும் மீறி அவர்கள் கடைச்சரக்கு வாங்கிப் போடுவதானால் சொல்ல வேண்டியவை: ஆள் இறங்காத நேரத்தில், ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்க, சில மணி நேரம் எடுத்து மெல்லச் சொட்டவிட வேண்டும், தண்ணீர் கலங்கும், ஃபில்டரின் அழுத்தம் ஏறும், பின்கழுவல் செய்ய வேண்டும், தெளிந்த பிறகே குளிக்க அனுமதிக்க வேண்டும். பின்கழுவிய நீரைப் பக்கத்துக் குளத்திலோ கால்வாயிலோ விடக் கூடாது. இன்னொன்று, அமிலம் சேர்த்த லாந்தனம் கரைசலை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு எழும். வாளியையும் குவளையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இறால் பண்ணைக்கும் மீன் வளர்க்கும் குளத்துக்கும் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மென்னீரில் கரைந்த லாந்தனம் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு நஞ்சு. படியும் நுண்துகள் செவுளில் ஏறும். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் இதைச் சொட்டுச் சொட்டாக மிக நுண்ணிய வடிகட்டிப் பைக்குள் விடுவார்கள். அங்கேயும் அளவு மீறி மீன் செத்த கதைகள் உண்டு.

உடம்புக்கு என்ன செய்யும்? விழுங்கினால் குடலில் பெரும்பகுதி உறிஞ்சப்படுவதில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுப்பதைக் கேள்விப்பட்டு "அப்போ இதுவும் மருந்துதானே" என்று யாராவது சொன்னால் உடனே திருத்துங்கள். குளோரைடு கரைகிற உப்பு, அது மருந்து அல்ல. ரத்தத்துக்குள் நேராகப் போனால் ஆபத்து. செல்களுக்குள் கால்சியம் போகும் வழிகளை லாந்தனம் அடைக்கும், அதனாலேயே உடலியங்கியல் சோதனைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். காயமில்லாத தோலில் பட்டால் எரிச்சல் கொஞ்சம்தான். வெட்டுக்காயம் இருந்தால் கரைசலைத் தொடாதீர்கள், ஆறாத புண்ணாகும். எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கண்ணுக்கு. தூளோ கரைசலோ தெறித்தால் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடிய காகிள்ஸ் போட வேண்டும். பட்டுவிட்டால் இமையை விரித்துப் பிடித்து ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அதன்பின் கண் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே கொண்டுபோய்க் காட்ட லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு நைட்ரைல் உறை போதும். எடைபோடும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தூள் பறந்தால் என்-95 முகக்கவசம். அருமண் தூசியை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் படிவு வந்திருக்கிறது. முன்பு கார்பன் ஆர்க் விளக்கோடு வேலை செய்த சினிமா ஆபரேட்டர்களிடம் அதைக் கண்டிருக்கிறார்கள். கீழே சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் கழிவில் சேருங்கள்.

கழிவை சிங்கில் ஊற்ற வேண்டாம். தனிக் கேனில் சேர்த்து, ஒரு கிராம் உப்புக்கு அரை கிராம் நீரற்ற சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) என்ற கணக்கில் கரைத்து ஊற்றுங்கள். அமிலம் கலந்த கழிவு நுரைத்துப் பொங்கும் என்பதால் கேன் பாதி காலியாக இருக்க வேண்டும். அமிலத்தின் பங்குக்குக் கூடுதல் சோடாவும் பிடிக்கும். பி.எச். 8 அளவில் லாந்தனம் கார்பனேட்டாக வெள்ளையாகப் படியும். ஓர் இரவு விட்டு மேல்நீரில் இரண்டு சொட்டு சோடா விட்டுப் பாருங்கள். புதிதாகக் கலங்கவில்லையென்றால் லாந்தனம் முழுக்க இறங்கிவிட்டது. கழிவில் வேறு உலோகம் கலக்காமல் தனியாகச் சேர்த்திருந்தால் இந்தப் படிவை வீணாக்க வேண்டாம். வடிகட்டி, கழுவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் லாந்தனம் குளோரைடு. கால்சியமும் கூடவே வந்திருக்கும் என்பதால் நிறமாலைமானிக்கு அதை எடுக்காமல், மாணவர்களின் ஈ.டி.டி.ஏ. செய்முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மாதிரிகளோடு கலந்துபோன படிவை உலர்த்தி, லேபிள் ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். லேபிளில் "லாந்தனம் கார்பனேட் கழிவு" என்பதோடு "மோனசைட் அல்ல, தோரியம் இல்லை" என்றும் எழுதுங்கள். இந்த மாவட்டத்தில் அருமண் என்ற சொல்லைப் பார்த்ததும் கழிவை எடுக்க வருபவரும் ஒருமுறை தயங்குவார்.